கால் நீட்டி ஓட்டிய சைக்கிள்

மில்லில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஃபிட்டர்கள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். கையில் வழவழப்பான ஒரு பத்திரிகை. அதில் ஒரு வெள்ளைக்காரன், சாய்வு நாற்காலியில் கிடப்பவன் மாதிரி முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி ஒரு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, புச்சா கண்டுபுடிச்சிக்கிறான் பாருங்க. நம்மாளுங்களுக்கு நூறு வருசம் ஆனாலும் இந்த மூளை வராது" என்றான் ஒருவன்.

"இத நான் ஓட்டிக்கிறேன்" என்றேன். "யுத்தத்துக்கு முன்னாடி. விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானவர்கள் புளுகும்போது இளைஞர்கள் காட்டுகிற பொறுமை இருக்கிறதே, அதைப் போல எரிச்சல் மூட்டுவது எதுவும் இல்லை. "அப்டீங்களா, எழுதி வையுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சரி, எழுதி வைக்கிறேன்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் வரதப்ப மேஸ்திரியின் சைக்கிள் கடை இருந்தது. எங்கள் ஊர்ப் பாதிரியார் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததால் என்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். நான் சேரியில் பிறந்தவன், வேதக்காரன். ஞானஸ்நானம் வாங்கினால் ஜாதி கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பிய கடைசி ஆள் எங்கள் தாத்தா. அப்பா அதை நம்பியதில்லை. நான் யோசித்ததுகூட இல்லை.

முதல் இரண்டு வருஷம் பஞ்சர். அடுத்த இரண்டு வருஷம் கோணிய சக்கரத்தை ஸ்போக் முறுக்கி நேராக்குகிற வேலை. அதற்கப்புறம்தான் ஃபிரேமின் இரும்புக் குழாய்களை ஒட்டக் கற்றேன். அந்த வேலையில் மேஸ்திரியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு குழாயின் முனையை அரத்தால் மீன் வாய் மாதிரி தேய்த்து, இன்னொரு குழாயின்மேல் தலைமுடி நுழையாதபடி உட்கார வைப்பார். பித்தளை பிடிப்பதற்கு வெங்காரப் பொடி தடவி, கரியடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பித்தளைக் கம்பியால் ஒரு தொடு. பித்தளை தண்ணீராக ஓடி இடுக்குக்குள் இறங்கிவிடும். அவர் ஒட்டிய குழாய் வேறெங்கே உடைந்தாலும் ஒட்டின இடத்தில் உடையாது.

மனுஷன் விஷயம் வேறு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா, வேட்டிக்குமேல் கறுப்புக் கோட்டு. ஸ்பேனர், அரம் என்று எந்த ஆயுதத்தையும் என் கையில் கொடுக்க மாட்டார். தரையில் வைத்துக் காலால் என் பக்கம் தள்ளுவார். என்னோடு நேராகப் பேசவும் மாட்டார். என் வேலையில் குறை இருந்தால் சக்கரத்தைப் பார்த்து, "ஏன் நீ கோணலா நிக்கிற?" என்று கேட்பார். நானும் சக்கரத்தைப் பார்த்தே, "இதோ சரியாப் பூடும்" என்பேன். அந்தச் சக்கரம் மட்டும் வாய் திறந்திருந்தால் எங்கள் இருவரையும் காறித் துப்பியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை சைக்கிள் செய்த அந்த ஆளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு வண்டி தயாரானால் அதன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை பக்கத்திலேயே நடந்து போவார். சங்கிலிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொள்வார். ஊரில் இருந்தவர்கள் அதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்தார்கள். நான் ஐந்து வருஷம் கூடவே இருந்தவன்.

அந்தப் படம் புதுச்சேரியிலிருந்து வந்தது. எவரோ வாங்கி வந்த புட்டியைச் சுற்றியிருந்த பிரெஞ்சுப் பேப்பரில், படுத்துக்கொண்டு ஓட்டும் சைக்கிளின் படம். பிரெஞ்சு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கடைத் தரையைப் பெருக்கச் சொல்லி, சுண்ணாம்புக் கட்டியோடு குந்தினார். "யாராச்சும் ஒர்த்தன் படுங்கடா, அளவு எடுக்கணும்" என்றார். கடையிலிருந்த மற்ற இரண்டு பேரும் தரையில் மல்லாந்து படுக்கக் கௌரவம் பார்த்தார்கள். நான் படுத்தேன். என்மேல் விரல் படாமல் ஒரு குச்சியால் இடுப்பு, முட்டி, குதிகால் என்று அடையாளம் வைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டார். அதனால் அந்த வண்டி என் உடம்பு அளவுக்கே அமைந்தது. கௌரவம் பார்த்தவர்களுக்கு அதில் கால் எட்டவில்லை.

ஒன்றரை மாதத்தில் வண்டி முடிந்தது. இரண்டு பழைய ஃபிரேமை அறுத்து ஒட்டிய நீளமான உடம்பு. பின்னால் முழுச் சக்கரம், முன்னால் குழந்தைகள் வண்டியின் சின்னச் சக்கரம். பெடல் அதற்கும் முன்னால். இரண்டரைச் சங்கிலியை ஒன்றாகக் கோத்து, தொங்கிவிடாமல் சீட்டுக்கு அடியில் மரத்தில் ஓர் உருளை. சீட்டு பிரம்பில் பின்னியது, முட்டி உயரம்தான் இருக்கும். ஹாண்டில் சீட்டுக்குக் கீழே. இரண்டு கையையும் தொங்கவிட்டு வாளி தூக்குவதுபோலப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஓர் இரும்புக் கம்பி முன்சக்கரத்துக்குப் போகும். பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்.

"திண்டிவனத்துல கண்காட்சி நடக்கப்போவுது. சப்-கலெக்டர் துரை வர்றாரு. இது அங்க ஓடியே போவணும். மெடல் நமக்குத்தான்" என்று மேஸ்திரி வண்டியைப் பார்த்துச் சொன்னார். 'நமக்கு' என்றது அவரையும் வண்டியையும்.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி வற்றிக் கிடந்தது. அங்கேதான் ஓட்டக் கற்றேன். ஹாண்டிலைத் தொடாமல் பஜார் முழுக்கச் சைக்கிளில் போகிறவன் நான். அந்த வண்டியில் ஏறிய முதல் நாள், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒன்பது தடவை விழுந்தேன். மேஸ்திரி குடைக்குள் நின்றுகொண்டு, வண்டியைப் பார்த்தே சொல்லிக்கொடுத்தார்.

"ஒடம்ப சாய்டா!"

"எங்கங்க சாயிறது? முதுகுதான் பிரம்போட ஒட்டிக்கினு கீதே."

"அப்ப கைய திருப்பு."

"திருப்புனா வுழுவுதுங்க."

"வுழாம திருப்பு!"

சைக்கிள் ஏறத் தெரியாதவரின் போதனை அதற்குமேல் போகவில்லை.

நாலு நாள் முழங்கைத் தோல் போனபிறகுதான் எனக்கே புரிந்தது. சாதாரண சைக்கிளில் நாம் இடுப்பாலும் தோளாலும்தான் ஓட்டுகிறோம். கை சும்மா பேருக்கு. இதில் இடுப்பும் தோளும் கட்டிப்போட்ட மாதிரி. பழைய பழக்கம் தெரிந்த உடம்பு தெரியாத உடம்பைவிட மோசமாக விழும். அதனால் முதலில் மிதிப்பதை விட்டேன். ஏரிக்கரைச் சரிவில் வண்டியை வைத்து, காலைத் தரையில் உரசவிட்டு, தானாக உருளவிட்டேன். இருபது தடவை உருண்டதும் ஹாண்டிலின் குணம் தெரிந்தது. இறுக்கிப் பிடித்தால் அது பாம்பு மாதிரி நெளியும். விரல் நுனியால் தொட்டால் போதும், நேராகப் போகும். கண் பெடலைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அந்தப் பக்கமே போய் விழுவோம். அக்கரையில் ஒரு பனை நின்றது. அதன் உச்சியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கிளம்புவதுதான் கடைசியாக வசப்பட்டது. வலது பெடல் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். ஒரே மிதி. அந்த மிதியிலேயே இடது காலைத் தூக்கி வைத்துவிட வேண்டும். யோசித்தால் கீழே. திருப்பத்தில் மிதித்தால் குதிகால் முன்சக்கரத்தில் இடிக்கும். அதற்காகத் திருப்பத்துக்கு முன்பே வேகம் சேர்த்து வைத்து, காலை நிறுத்திக்கொள்வேன். ஆறாம் நாள் ஏரியை முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். எதிர்காற்று மேலே போனது, என்மேல் படவில்லை. வானம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மேஸ்திரி குடையை மடக்கினார். "நான் சொன்ன மாதிரி செஞ்சா வருதா இல்லியா?" என்று வண்டியைக் கேட்டார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்துநாலு மைல். காலை விடிந்ததும் கிளம்பினேன். பெடலில் வார் வைத்திருந்ததால் மேஸ்திரி எனக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் பின்னாலேயே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய ஒரு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். விக்கிரவாண்டி வரைக்கும் ஜனங்கள் சாலையோரம் நின்று சிரித்தார்கள். ஒரு கிழவி, "பாவம், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறாங்கோ" என்றாள். அதெல்லாம் வலிக்கவில்லை.

விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். அதன் பெயரை எழுதி அதற்குப் பெருமை தேடித்தர எனக்கு விருப்பமில்லை. ஊர் இருக்கிற இரண்டு பர்லாங்கு தூரம் எங்கள் சேரி ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சாலை சர்க்காருடையது, கட்டளை ஆண்டையுடையது. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அவர் நிலத்தில்தான் உழைத்தார்கள், என் அப்பாவும்தான்.

ஆண்டை அன்றைக்குப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வேகத்தைக் குறைப்பதற்குள் அவர் ஆட்கள் மூன்று பேர் குறுக்கே வந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் என் இரண்டு ஷூவின் அடிப்பாகமும் அவருக்கு நேராக இருந்தது.

"எவன்டா அவன், எனக்குக் காலக் காட்டிக்கினு வர்றவன்?" என்றவர் உற்றுப் பார்த்தார். "அட, நம்ம சவரி பெத்தவனா!"

லாரியிலிருந்து மேஸ்திரி இறங்கி ஓடி வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "தப்பா நெனைக்காதீங்க. ஆளா பாக்கக் கூடாதுங்க இவன. மிஷினுக்கு ஒரு எடை வேணும், அதுக்காகப் போட்டது" என்றார்.

"எடைக்கு எதுக்குய்யா ஷூவு?" என்றார் ஆண்டை. "கழட்டிக் கையில எடுத்துக்கினு தள்ளச் சொல்லு."

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஜல்தி கழட்டுடா. மெடல் கெட்டுப்பூடும்."

கழற்றினேன். ஹாண்டில் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்த வண்டியை நிமிர்ந்து நடந்து தள்ள முடியாது. இடுப்பை மடித்து, தலை முட்டியைத் தொடுகிற மாதிரி குனிந்துதான் தள்ள வேண்டும். வண்டி செய்யும்போது இதை யாரும் யோசிக்கவில்லை. ஆண்டை பார்த்ததும் புரிந்துகொண்டார். "ரொம்ப மருவாதியான வண்டியாத்தான் கீது" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். ஷூவின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு பர்லாங்கு அப்படியே தள்ளினேன். கேப்பைக் கொல்லையில் அப்பா களைக்கொட்டோடு நின்றிருந்தார். தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டார்.

திண்டிவனத்தில் கண்காட்சி மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் துரை, தாசில்தார், பெரிய மனிதர்கள். காளைகளைக் காட்ட வந்த எங்கள் ஆண்டைக்கும் அங்கே ஒரு நாற்காலி. எங்களுக்கு முன்பே காரில் வந்து சேர்ந்திருந்தார்.

துரை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது துரை என்னவோ சொன்னார். தாசில்தார் தமிழில் சொன்னார்: "செஞ்சவரே ஓட்டிக் காட்டணும்னு துரை ஆசைப்படறார்."

மேஸ்திரி சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கால் வலிங்க" என்றார். "இதுல கால ஊனவே வேணாமே, படுத்துக்கிட்டுதானே ஓட்டணும்" என்றார் தாசில்தார், நல்ல எண்ணத்தோடு. கூட்டம் கை தட்டியது. வேறு வழியில்லாமல் மேஸ்திரி உட்கார்ந்தார். இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். பெடலில் வைக்க இரண்டு காலையும் தூக்கினார். வேட்டி கட்டியவன் காலை அந்த உயரத்துக்குத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை, மூன்று தடவை அளந்து ஒரு தடவை அறுக்கிற அந்த மகா மேதை யோசித்திருக்கவில்லை. துரை மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேட்டியைப் பிடிக்க மேஸ்திரி ஹாண்டிலை விட்டார். விட்டதும், பிடித்திருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு, "ஏய், நீ ஓட்டுடா" என்றார்.

மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றில் கயிற்றிலிருந்து பத்தடி தள்ளி ஓட்டினேன். இரண்டாவதில் ஐந்தடி. மூன்றாவதில் முதல் வரிசைக்கு எதிரே திருப்பம் வந்தபோது கயிற்றை ஒட்டிப் போனேன். வேகம் கூடி வண்டி ஒதுங்கிவிட்டது என்று அப்போது கேட்டவர்களிடம் சொன்னேன். இப்போது பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? வேண்டுமென்றேதான் போனேன். விரல் நுனியில் இருந்தது ஹாண்டில். துரை உட்கார்ந்திருந்த இடத்தை விலகித் தாண்டி, நாலாவது நாற்காலிக்கு நேராக வண்டியின் முகத்தைத் திருப்பினேன். என் ஷூவின் அடிப்பாகம் ஆண்டையின் நெஞ்சுக்கு நேராக, ஒரு முழ தூரத்துக்குப் போனது. அவர் முதுகு நாற்காலியில் அழுந்துவதைப் பார்த்தேன். அப்புறம் விலகினேன்.

அந்த நேரம் பார்த்துத் துரை எழுந்து நின்று கை தட்டினார். துரை எழுந்தால் யார் உட்கார முடியும்? வரிசை முழுக்க எழுந்தது. ஆண்டையும் எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார்.

மெடலை மேஸ்திரியின் கோட்டில் குத்தினார்கள். மூன்று நாள் கழித்து ஆண்டையின் ஆட்கள் கடைக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். அன்றைக்கும் மேஸ்திரி என்னைப் பார்த்தே பேசினார்.

"போய் அவரு கால்ல வுழுந்துட்டு வா. ரெண்டு நிமிச வேல."

"நீங்க செஞ்ச வண்டி அப்பிடி. அதுல காலு முன்னாடிதான் இருக்கும்."

"கால மடக்கிக்கினு ஓட்டிக்கலாமில்ல?"

செய்தவரே கேட்ட கேள்வி இது. நாற்பது வருஷம் மெஷின்களோடு இருந்துவிட்டேன். இதைவிட மட்டமான பேச்சை இன்றுவரை கேட்டதில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தேன். காலால் அவர் பக்கம் தள்ளினேன். கிளம்பிவிட்டேன்.

அந்த வண்டியை அப்புறம் யாரும் ஓட்டவில்லை. யுத்தம் வந்து டயரும் ட்யூபும் கிடைக்காமல் போனபோது மேஸ்திரியே அறுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டேன். ஒட்டின இடத்தை அறுக்க மட்டும் ரொம்பச் சிரமப்பட்டாராம். எனக்குத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் வேலை கிடைத்தது. யுத்தம் முழுக்க அங்கேதான், அதற்கப்புறமும் அங்கேதான்.

ஆனால் கடையை விட்டு இறங்கிய நாளில் எனக்கு மில்லும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பயந்துகொண்டேதான் ஊருக்கு நடந்தேன். வழியிலேயே சொன்னார்கள், அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். சேரிக்குள் யாரும் என்னோடு பேசவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அப்பா வீட்டு வாசலில் ஒரு கல்மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அடி விழும் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"வேலைய வுட்டுட்டேன்" என்றேன்.

"எனக்கும் இல்லியாம்." கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அவங்க சொல்றது நெசமா?"

"நெசம்தான்."

"வண்டி தவறிப் பூட்ச்சின்னு சொன்னியாமே."

"தவறலப்பா."

கயிற்றைக் கீழே வைத்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எம்மா ஒசரத்துல போச்சு, காலு?"

கையால் காட்டினேன். அவருக்குப் போதவில்லை. "அப்பிடிச் சொன்னா எனக்கு இன்னா தெரியும்? படுத்துக் காட்டுடா."

மண்ணில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தூக்கி மிதித்தேன். அப்பா கல்மேல் நிமிர்ந்து, நாற்காலியில் உட்காருகிறவர்போலக் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பாதத்தையே பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல் சிரித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அம்மா, "இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கத்தினாள்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் கிட்ட வாடா."